கோடு போட்ட தட்டும் சஹனும்

மெல்பேர்னில் எங்கள் வீட்டில் கோடு போட்ட தட்டு ஒன்று இருக்கிறது. வெள்ளைத் தட்டின் நடுவே நீலக் கோடு ஓடி, ஒரு பாதி மறுபடியும் இரண்டாகப் பிரிகிறது. பெரிய பாதிக்கு மரக்கறி, ஒரு காலுக்கு மீனோ இறைச்சியோ, மிஞ்சிய காலுக்குச் சோறு. எங்கள் ஊரில் காணிக்குத்தான் இப்படி எல்லை போடுவார்கள். எனக்கு பி.சி.ஓ.எஸ். என்று சொன்ன டொக்டர், மெட்போமின் குளிசை எழுதித் தந்த கையோடு டயட்டீசியனிடமும் அனுப்பினார். அவர் தந்த தட்டு இது. சினைப்பையில் சின்னச் சின்னக் கட்டிகள், ஹோமோன்கள் தாறுமாறு, மாதவிலக்கு நினைத்தபோது வரும், பிள்ளை தங்கச் சுணங்கும். குளிசையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்தால் ஒரு வழிக்குக் கொண்டுவரலாம் என்றார்கள்.

"உங்கள் ஊரில் ஒரு தட்டில் எவ்வளவு சோறு சாப்பிடுவீர்கள்?" என்று டயட்டீசியன் கேட்டார். விசேஷ வீடென்றால் ஒரு தட்டில் ஆறு பேர் சாப்பிடுவோம் என்றேன். அவருடைய பேனை நின்றது. "வீட்டில் தட்டுகள் போதாதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்குச் சுள்ளென்று எரிச்சல் வந்தது. அதற்குச் சஹன் என்று பெயர், பெரிய தாலத்தில் சோற்றைக் குவித்து நடுவில் இறைச்சி வைத்து, சுற்றி அமர்ந்து அவரவர் முன்னால் இருப்பதைச் சாப்பிடுவோம், மற்றவர்கள் முடிக்குமுன் கையெடுப்பது மரியாதையில்லை என்றெல்லாம் விளக்கினேன். "ஓ, பஃபே மாதிரி" என்றார். தலையாட்டிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

குளிசை தொடங்கிய கையோடு இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்குப் போகவேண்டி வந்தது. தங்கச்சி பர்ஹானாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். முன்பு பேசிய சம்பந்தமொன்று என்னால் குழம்பியது. பெண்ணின் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கலியாணமாகி இத்தனை வருசமாகியும் பிள்ளையில்லை, குடும்பத்தில் ஏதும் இருக்கும் என்று அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பர்ஹானாவுக்கென்று வாப்பா கட்டிய வீடு நிலத்துக்கு மாபிள் கல்லும் பதித்து ஆளில்லாமல் நின்றது. எனக்குக் கட்டித் தந்த வீடு பக்கத்தில் பூட்டிக் கிடந்தது. இந்தச் சம்பந்தமும் தப்பினால் அவளுக்கு இனி யார் வருவார் என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் பயம்.

மெட்போமின் ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டி எடுக்கும். போன மறுநாள் காலை நான் ஓங்காளித்த சத்தம் கேட்டு உம்மா ஓடி வந்தார். அப்படி மலர்ந்த முகத்தை நான் கண்டு வெகுகாலம்.

"எத்தின மாசம் மகள்?"

குளிசை மட்டையை எடுத்துக் காட்டி விசயத்தைச் சொன்னேன். உம்மா கட்டிலில் இருந்துவிட்டார். பிறகு மட்டையை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"இது சீனிக் குளிசதானே? சீனி எண்டே சொல்லு. சீனி இல்லாத வீடு இந்த ஊர்ல எங்க இரிக்கி? மத்தக் கதைய ஒத்தருக்கும் சொல்லிராத."

நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கு எங்கள் ஊரில் நல்ல மரியாதை. கர்ப்பப்பைக்கு மட்டும் வருத்தம் வரக்கூடாது.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். நெய்ச்சோறும் கோழியும் சலாதுமாகச் சஹன் வைத்தோம். துணைக்கு என்னையும் இருத்தினார்கள். என் வலப்பக்கம் மாமி, அதாவது மாப்பிள்ளையின் உம்மா; எதிரே அவருடைய மூத்த மகள். நான் சோற்றை ஒதுக்கி ஒதுக்கிச் சலாதைத் தின்பதை மாமி கவனித்துவிட்டார்.

"உங்களுக்குச் சீனியாமே மகள், உம்மா சொன்னா. எனக்கும் சீனிதான், இந்தா இவளுக்கும் சீனி. வெறும் வயித்துல எவ்வளவு காட்டுது?"

எனக்கு எப்படித் தெரியும்? உம்மா தண்ணீர்ச் சாடியோடு அப்படியே நின்றார். திரைச்சீலைக்குப் பின்னால் பர்ஹானா நிற்பது தெரிந்தது. வாயில் வந்த ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வயிற்றைப் பார்த்தே நலம் விசாரிக்கும் ஊரில், எனக்கு வயிற்றெரிச்சல் அன்றைக்குத்தான் பொங்கி வரவேண்டுமா?

"எனக்குச் சீனி இல்ல மாமி. ஹோமோன் வருத்தம். மாதம் ஒழுங்கா வராது. அதாலதான் புள்ள சுணங்குது. அதுக்குத்தான் மருந்து எடுக்கிறன்."

தங்கச்சியின் வாழ்வில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். மாமி சோற்றின் குறுக்கே விரலால் ஒரு கோடு கீறினார். என்னை ஒதுக்கி வைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அவரோ என் முன்னால் இருந்த சோற்றைத் தன் பக்கம் இழுத்தார். நடுவிலிருந்து பெரிய கோழித் துண்டொன்றை என் பக்கம் தள்ளி, சலாதையும் அள்ளி வைத்தார்.

"இந்தச் சோத்தத் திண்டா மருந்து என்னத்துக்கு? கைய எடுக்காமத் தின்னுங்க மகள்."

பிறகு அதே கையை எட்டி, மூத்த மகளின் முன்னால் இருந்த சோற்றையும் அப்படியே கோடு கீறி இழுத்தார். பழகிய கை. மகள் குனிந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள், கண் நிறைந்திருந்தது. அவளுக்கும் சீனி இல்லை, என் வருத்தம்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சீனி உள்ள மாமியோ இரண்டு பேருடைய சோற்றையும் முன்னால் குவித்து வைத்துக்கொண்டு, சஹன் வெறுமையாகும்வரை மெல்ல மெல்லத் தின்றார்.

பர்ஹானாவுக்கு நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை புது வீட்டுக்கு வந்துவிட்டார். உம்மா இன்னும் அயலில் எனக்குச் சீனி என்றுதான் சொல்லித் திரிகிறார். அன்றைக்கு நான் வாய் திறந்ததைப் பற்றி டெலிபோனில் ஒரு சொல் எடுப்பதில்லை.

இங்கே குளிசை உடம்புக்குப் பழகிவிட்டது. பிள்ளை இன்னும் இல்லை, ஆசை இருக்கிறது. என் கணவர் வேலையால் வரப் பிந்துவதால், பெரும்பாலும் நான் தனியேதான் சாப்பிடுகிறேன். தட்டின் காற்பகுதிக்குள் அளந்து வைத்த சோற்றில் சில நாட்கள் என் கை தானாக ஒரு பங்கைக் கோடு தாண்டி, தட்டின் அந்தக் கரைக்குத் தள்ளிவிடுகிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். இழுத்தெடுக்க அந்தப் பக்கம் கையில்லை. அதையும் நானே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறேன்.