வளையல் சத்தமும் இருபது எம்பியும்

என் தங்கை புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறவர். மாங்காட்டில் அவளுக்கு வளைகாப்பு நடந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். குழந்தை பிறந்த பிறகுதான் ஊர் திரும்ப முடியும். வளைகாப்பையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தார். ஆனால் கப்பல் மெயிலில் இருபது எம்பிக்கு மேல் எதுவும் போகாது. கரையான்சாவடி ஸ்டூடியோக்காரர் கொடுத்த வீடியோவோ பன்னிரண்டு நிமிஷம், ஒரு ஜிபிக்கு மேல்.

அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். அம்பத்தூரில் ஐடி கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் என் ஒரே தகுதி. அங்கே நான் எக்செல் ஷீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

கணக்கு என்னவோ சுலபம்தான். ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா செலவழிக்கலாம் என்பதுதான் பிட்ரேட். மொத்த அளவை நொடிகளால் வகுத்தால் வந்துவிடும். வகுத்தேன், இருபத்தேழு வந்தது, வீடியோவைச் சுருக்கும் சாஃப்ட்வேரில் அப்படியே போட்டேன். சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் கலர் கலர் கட்டங்களாக வந்து தங்கைக்கு நலங்கு வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதை ஐடிக்காரனான நான் மறந்துவிட்டிருந்தேன்.

எட்டால் பெருக்கினேன். இருநூற்று இருபது சொச்சம். இப்போது முகங்கள் தெரிந்தன. ஆனால் ஃபைல் முப்பதைத் தாண்டி, மெயில் திரும்பி வந்துவிட்டது. அந்த இருபது எம்பியில் சத்தமும் பங்கு கேட்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே சத்தத்தை அடியோடு எடுத்துவிட்டேன். ஃபைல் இருபதுக்குள் கச்சிதமாக அடங்கியது. எனக்கு நானே தோளைத் தட்டிக்கொண்டு அனுப்பினேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் பதில் வந்தது. "படம் சூப்பரா கீது மச்சான். வளையல் சத்தம் மட்டும் கேக்கல."

தங்கைக்கு அதைப் படித்துக் காட்டினேன், சூப்பர் என்ற இடத்தைக் கொஞ்சம் அழுத்தி. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வயித்துல கீற புள்ளைக்குக் கேக்கணும்னுதானே அண்ணா கை நெறைய அடுக்கறாங்க? அதையே எடுத்துட்டு இன்னாத்த அனுப்புன?"

சத்தத்துக்கு இடம் வேண்டுமென்றால் நீளத்தைக் குறைக்க வேண்டும். அவளே பக்கத்தில் உட்கார்ந்து வெட்டச் சொன்னாள். பார்த்தால், பன்னிரண்டு நிமிஷத்தில் ஏறக்குறைய பாதி நான்தான் இருக்கிறேன். மைக்கைப் பிடித்து எல்லாரையும் வரவேற்கிறேன், சீர்வரிசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடக்கிறேன், கேமராக்காரரை வேறு அதட்டுகிறேன். இருந்த பிட்டையெல்லாம் தின்றவன் நானேதான். மனசே இல்லாமல் என்னை வெட்டினேன். பந்தி போனது, குரூப் போட்டோ போனது. வளையல் போட்ட மூன்று நிமிஷம் மிஞ்சியது.

அதுவரை ஆபீசில் மியூட்டில் வைத்துத்தான் பார்த்திருந்தேன். இப்போதுதான் சத்தத்தோடு ஓடவிட்டேன். பெண்களின் பேச்சு சற்று அடங்கிய ஒரு இடத்தில் தங்கை இரண்டு கைகளையும் வயிற்றருகே கொண்டுபோய்க் குலுக்குகிறாள். குனிந்து மெதுவாகச் சொல்கிறாள்.

"உங்கப்பா கப்பல்ல கீறாரு. அவருக்கும் சேத்து நீயே கேட்டுக்கோ."

பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மூன்று நிமிஷத்துக்கு இருபது எம்பி தாராளம். சத்தத்துக்குக் குறை வைக்காமல் கொடுத்து, மறுபடி அனுப்பினேன்.

மாப்பிள்ளை இந்த முறை படத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

"அவகிட்ட சொல்லிடு மச்சான், எனக்கும் கேட்டுச்சுன்னு."