ரோல்ஸுக்கு அடியில் இரண்டு பாஸ்போட்

போன வருடம் மார்ச் விடுமுறைக்கு கனடாவின் அஜக்ஸ் நகரிலிருந்து நானும் இவரும் அமெரிக்காவின் சான் டியாகோவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து மெக்சிகோ எல்லை கிட்டத்தான். "நடந்தே போய்ப் பாத்திட்டு வரலாம் அக்கா, திஹுவானா பாக்கவேண்டிய இடம்" என்று தங்கை ஆசை காட்ட, ஒருநாள் காலை நாங்கள் இருவரும் கிளம்பிவிட்டோம்.

அங்கே கள்ளர் கூட என்று யாரோ முன்பே பயமுறுத்தியிருந்தார்கள். என் மூளை சும்மா இருக்குமா? எங்கள் சனம் காலியான ஐஸ்கிரீம் பெட்டியை எறிவதே இல்லை. அப்படியொரு பெட்டியில்தான் மத்தியானத்துக்குக் கிழங்கு ரோல்ஸ் அடுக்கியிருந்தேன். எல்லையைத் தாண்டியதும் பாஸ்போட் இரண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரோல்ஸுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"கள்ளன் கைப்பைக்கைதான் கை வைப்பான், ரோல்ஸுக்கை வைக்கமாட்டான்" என்று இவரிடம் பெருமை வேறு.

நகரத்தின் வாசலில் நிற்கும் பெரிய வளைவின் கீழே படம் எடுத்தோம். அந்தத் தெருவில் கழுதைக்கு வரிக்குதிரை மாதிரிக் கறுப்புக் கோடு அடித்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் இவரை நிற்கச் சொன்னேன். "இதிலை எது நானெண்டு கீழை எழுதிவிடும்" என்றார். நான் வயிறு நோகச் சிரித்தேன்.

பிறகு டாக்ஸி பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். இரு நாட்டுக்கும் நடுவே நிற்கும் இரும்பு வேலி அங்கே கடலுக்குள்ளேயே இறங்கிப் போகிறது. கம்பிகளில் பிரிந்துபோனவர்களின் பெயர்களை எழுதியிருந்தார்கள். இவர் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். இளவயதில் இலங்கையிலிருந்து கனடாவுக்கு வரும் வழியில், கூட்டிவந்த ஏஜென்ற் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு மறைந்துவிட, ஏழு மாதம் ஒரு அறைக்குள் ஒளிந்து கிடந்தவர் இவர்.

அருகில் ஒரு பெண் மாம்பழத் துண்டுகளில் மிளகாய்த்தூள் தூவி விற்றுக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தந்த கோப்பைக்கு மேலே இன்னும் ஒரு பிடி அள்ளி வைத்துச் சிரித்தாள். வாங்கிக்கொண்டு சும்மா வர எனக்கு மனம் வருமா? ஆளுக்கு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டது போக மிச்சத்தைப் பெட்டியோடு அவள் கையில் கொடுத்தேன். "பெட்டியைத் திருப்பித் தரத் தேவையில்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டும் வந்தேன்!

திரும்பும்போது எல்லையில் நீண்ட வரிசை. பாதித் தூரம் நகர்ந்த பிறகுதான் இவர் கேட்டார்.

"பாஸ்போட்டை எடுத்து வையுமன்."

கைப்பைக்குள் கையை விட்டேன். அவ்வளவுதான். "ஐயோ ஆண்டவரே, அது பெட்டிக்கையப்பா!"

என்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவர் நடைபாதை ஓரத்தில் குந்திவிட்டார். "திரும்பவும் பேப்பர் இல்லாத ஆளாப் போனன்" என்றார். இத்தனை வருடத்தில் இவர் அப்படி உடைந்து நான் கண்டதில்லை. என் கெட்டித்தனத்தை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. கடற்கரைக்குத் திரும்பி ஓடலாம் என்று டாக்ஸி தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கண்டேன். வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கையில் விரித்த பாஸ்போட். படத்தைப் பார்ப்பதும் ஆளைப் பார்ப்பதுமாக, மூச்சு வாங்க வந்தாள். மாம்பழக்காரி! இடுப்பில் கட்டிய ஏப்ரனைக்கூட அவள் கழற்றவில்லை.

"செனோரா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவள், பாஸ்போட் இரண்டையும் என் கையில் வைத்துவிட்டு வாய் ஓயாமல் ஏசத் தொடங்கினாள். அவளுடைய ஸ்பானிஷில் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் என் தங்கை ஏசுவதும் அப்படித்தான். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். பாஸ்போட்டைக் கண்டதும் நாங்கள் எல்லைக்குத்தான் போவோம் என்று ஊகித்து, வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், பாருங்கள். இவர் எழும்பி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவள் ஏச்சை நிறுத்தி, இவருடைய தோளில் மெல்லத் தட்டினாள். பெயரைக் கேட்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது.

எல்லை என்றாலே எங்கள் பாஸ்போட் கடதாசியை யாராவது பறித்துவிடுவார்கள் என்று பயந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். அதைத் திருப்பித் தருவதற்கென்றே ஒருத்தி முகம் முகமாகத் தேடி வந்தாள் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.