காசுமாலையில் கோத்த கப்பல்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் தங்கையின் கழுத்தில் அன்று விழுந்த தழும்பை அவள் இன்னும் முந்தானையால் மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாள். நான் பள்ளிக்கூட ஆசிரியை. இருட்டுக்குப் பயந்தவள் அல்ல. இது இருட்டில் நடக்கவும் இல்லை.

1938. ஆடி மழை. மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீடு. தங்கையின் பெயர் பெட்டி. அவளுக்கு மறுநாள் தேவாலயத்தில் கல்யாணம். நர்ஸாக இருந்த அவள், வயதான ஓர் ஆங்கிலேய விதவையை அவருடைய பங்களாவிலேயே தங்கிக் கவனித்து வந்தாள். கல்யாணப் பரிசாக அந்தத் துரைசானி ஒரு தங்கக் காசு கொடுத்திருந்தார்.

கடலில் மூழ்கிய ஒரு பெரிய கப்பலின் நினைவாக அடித்த காசு அது. உலகமே பேசிய கப்பல். பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு பக்கம் சாய்ந்து மூழ்கும் கப்பல். மறுபக்கம் படகில் குழந்தையை அணைத்தபடி ஒரு வெள்ளைக்காரப் பெண். சுற்றிலும் ஆங்கில எழுத்து: 'பெண்களும் குழந்தைகளும் முதலில்.' துரைசானி அந்தக் கப்பலிலிருந்து கைக்குழந்தையோடு தப்பியவர்.

வேறு வீடாக இருந்தால் பட்டுத்துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் தங்கக் காசு என்றால் அதற்கு ஒரே இடம்தான். அம்மா அதை ஆசாரியிடம் கொடுத்து, வளையம் வைத்து, பெட்டியின் காசுமாலையில் சவரன்களோடு கோக்கச் சொன்னாள்.

"ராஜா தலை இல்லையேம்மா, கப்பல் இருக்குது. பரவால்லயா?" என்று கேட்டார் ஆசாரி தொட்டையன்.

"தலையப் பாத்தா கழுத்துல போடறோம்? தங்கம் தங்கந்தான் தொட்டையா. நடுவுல வையி. சம்பந்தியம்மா கண்ணு நேரா அங்கதான் போகும்."

அது செத்தவர்களுக்காக அடித்த காசு என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மத்தியானம் மூன்றே கால் மணி. பெட்டி மாலையைப் போட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நடுக்காசு ஈரமா இருக்கு."

துடைத்தேன். மறுபடி ஈரம். துடைத்த துணி காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தது. நாக்கில் வைத்தேன்... உப்பு.

"மழைக்காலம்டி," என்றாள் அம்மா.

 பெட்டி இடது கையை மடித்து மார்போடு வைத்திருந்தாள். மெல்ல ஆட்டினாள். அங்கே குழந்தை எதுவும் இல்லை.

"பெட்டி?"

"புள்ளைய வாங்கிக்கிட்டா..."

அது ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சு. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

"...என்னைய வாங்குல. படவைப் புடிச்சேன். வெரலு மேலயே மிதிச்சா."

"யாரு?"

"தொரசானி."

மாலை இறுகியது. என் கண் முன்னால் இறுகியது. பெட்டியின் முகம் கறுத்தது. அம்மா அலறினாள். நான் கத்திரியை எடுத்துச் சரடை வெட்டினேன்.

சவரன்கள் சிதறி உருண்டன.

கப்பல் காசு மட்டும் விழவில்லை. தொண்டைக்குழியில் பதிந்து நின்றது... இன்னும் உள்ளே போனது.

பெட்டிக்கு மூச்சு இல்லை.

அப்போது எனக்குள் ஒரு கோபம் எழுந்தது. அப்படி ஒரு கோபத்தை நான் அறிந்ததில்லை. அது என்னுடையதா, பெட்டியின் வாயால் பேசியவளுடையதா... இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"அந்தத் துரைசானி இருக்கிற எடம் எனக்குத் தெரியும்," என்றேன். "கூட்டிட்டுப் போறேன். இவளை விடு."

காசு என் உள்ளங்கையில் விழுந்தது.

பெட்டி இருமினாள். மூச்சு வந்தது.

மழையில் ஓடி ஒரு ஜட்கா பிடித்தேன். வண்டியில் நான் ஒருத்திதான். கொஞ்ச தூரம் போனதும் வண்டிக்காரர் திரும்பாமலே சொன்னார்.

"ஸ்வல்ப முன்னாடி வாங்கம்மா. பாரம் பின்னால இழுக்குது, குதிரை திணறுது."

நகர்ந்தேன்.

"நீங்க இல்லம்மா. இன்னொருத்தரு."

நான் பின்னால் பார்க்கவில்லை.

பங்களாவில் துரைசானி முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"இவளை ஏன் இங்கே அழைத்து வந்தாய்?"

காசை மேஜை மேல் வைத்தேன்.

"எடுத்துப் போ! இரண்டையும்!"

நான் எடுக்கவில்லை. வாசலுக்கு நடந்தேன். பின்னால் துரைசானியின் குரல். ஆங்கிலம். என்னிடம் அல்ல.

"படகில் இடமில்லை... சத்தியமாக இடமில்லை..."

பிறகு தாலாட்டு.

தமிழ்த் தாலாட்டு.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வீடு திரும்பியபோது பெட்டி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கல்யாணம் நடந்தது. அதற்கு அடுத்த நாள்தான் பங்களாவின் பட்லர் பெர்னார்ட் வந்து, நான் போய்வந்த அன்று மாலையே துரைசானி இறந்துவிட்டதாகச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே. மாரடைப்பு என்று டாக்டர் எழுதினாராம்.

அடக்கத்துக்கு நானும் பெட்டியும் போனோம். துரைசானியின் மகன் மதராஸிலிருந்து வந்திருந்தார். கப்பலில் கைக்குழந்தையாக இருந்தவர் அவர்தான். பெட்டிக்கு நன்றி சொல்லிவிட்டு எங்களோடு நின்று பேசினார். குழந்தையாயிருந்த தன்னைப் பார்த்துக்கொள்ள ஹனூரிலிருந்து ஓர் ஆயா கப்பலில் கூட வந்தாளாம். மூழ்கிப்போனாளாம்.

"அவள் பெயர்?" என்று கேட்டேன்.

"தெரியாது. அம்மா ஒருநாளும் சொன்னதில்லை."

"படகில் அவளுக்கு இடமில்லையோ?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். அந்தப் படகை ஓட்டிய மாலுமியைப் பின்னாளில் ஒருமுறை சந்தித்தாராம். மாலுமி சொன்னதை அப்படியே எங்களிடம் சொன்னார்.

நாற்பது பேர் உட்காரும் படகு. அதில் பதினொரு பேர்தான் இருந்தார்கள்.