கழித்தல் குறியோடு வந்த நேரம்

சுனாமிக்கு அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்கூடம் ஒரு தகரக் கொட்டிலில் நடந்தது. அந்த வேக்காட்டுக்குள் இருந்துதான் எங்கள் கணித சேர் வசனக் கணக்கைச் சமன்பாடாக்கப் படிப்பித்தார். தரப்பட்டதை எழுது, கேட்டதற்கு ஓர் எழுத்து வை, மற்றதெல்லாம் வெறும் கதை, விட்டுவிடு. ஓடுவது மாடானாலும் மனிதனானாலும் ஒரு புள்ளி, துணிக்கைதான். உராய்வைப் புறக்கணி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாய்ந்தமருதுக் கரையில், எங்கள் வீட்டு வளவில் அலை விட்டுப்போனதில் எதைப் புறக்கணிப்பது?

உம்மாவும் தங்கச்சியும் அந்தக் காலையில் வீட்டில் இருந்தார்கள். நான் வயல் பக்கம் மாமி வீட்டில். வாப்பா கடலில். அலை அவருடைய வள்ளத்துக்குக் கீழால் போயிருக்கிறது. லேசாகத் தூக்கி இறக்கியதாம், அவ்வளவுதான். மத்தியானம் மீனோடு கரைக்கு வந்தார். அந்த மீனைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உம்மாவின் தம்பி, என் மாமா, முகாமில் எல்லோருக்கும் கேட்கவே சொன்னார். "மச்சான் அப்பவே வள்ளத்தத் திருப்பியிருந்தா எங்கட ராத்தா இண்டைக்கு உசிரோட இரிப்பா."

வாப்பா வாய் திறக்கவில்லை. அதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு அவரோடு கதைப்பதை விட்டேன்.

பிறகு, கணக்கை வைத்து அவரை மடக்கலாம் என்று தோன்றியது. கரை எவ்வளவு தூரம், வள்ளம் என்ன வேகம் என்று மட்டும் கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஒளிக்காமல் சொன்னார். அலையின் வேகத்தைப் பத்திரிகையில் எடுத்தேன். அலை வள்ளத்தைக் கடந்த பிறகு எத்தனை நிமிடத்துக்குள் திருப்பியிருந்தால், அலைக்கு முன்னால் கரைக்கு வந்திருப்பார்? அந்த நிமிடத்துக்கு t என்று வைத்தேன். உம்மாவுக்கும் தங்கச்சிக்கும் எழுத்துத் தேவைப்படவில்லை.

விடை கழித்தல் குறியோடு வந்தது. திரும்பச் செய்தேன், அதே குறி. சேரிடம் கொண்டுபோனேன். அவர் வசனத்தை வாசிக்கவே இல்லை. "நேரம் சயத்தில, மைனஸில வராது புள்ள. சமன்பாடு பிழை" என்று சிவப்புப் பேனையால் குறுக்கே இழுத்துவிட்டார். இது யாருடைய கணக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பின்னேரம் வாப்பா கொட்டில் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு என்ன வந்த மகள்? நான் வந்திரிக்கலாமா?"

"பிழையெண்டு சேர் வெட்டிட்டார்."

"அப்ப இன்னொருக்காச் செய்ங்க. சரியான விடை வரட்டும்."

நாலு வருடம் கழித்து, யுத்தம் முடிந்த வருடம், உயர்தர வகுப்பில்தான் அந்தக் குறிக்குப் பொருள் படித்தேன். அலை வருவதற்கு முன்னாலேயே, கடல் சும்மா கிடந்தபோதே, அவர் திரும்பியிருக்க வேண்டும். எந்த மனிதனாலும் முடியாது. மாமா சொன்னது பொய். வாப்பா அதற்குள் மவுத்தாகி மண்ணுக்குப் போயிருந்தார்.

அந்தப் பின்னேரம் இது எனக்கு விளங்கவில்லை. அவரை விடுவிக்கும் விடையைக் கசக்கி எறிந்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்து, t எனக் கொள்வோம் என்று மறுபடி எழுதினேன். வாப்பா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.