கொழுப்புக்கறியும் என் மகளின் கண்ணும்

டாக்டர் ஐயா, என் பெரிய மகளின் இடது கண்ணைக் கெடுத்தது நீங்கள். அம்மை கெடுக்கவில்லை. நீங்கள் சொன்ன சாப்பாடு கெடுத்தது. உங்கள் பெயரை இந்தப் பத்திரிகையில் நான் எழுதப்போவதில்லை. நம் மில் வைத்தியசாலைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லோருக்கும் நீங்கள் யாரென்று தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் மில்லில் நூல் பிரிவில் வேலை செய்கிறார். எங்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் மதலேன், சின்னவள் ரோசாலி. போன வருஷம் தை மாதத்தில் இரண்டு பேருக்கும் மணல்வாரி (உடம்பெல்லாம் மணல் தூவியது போலச் சிவந்து பொரியும் அம்மை) வந்தது. சின்னவள் சீக்கிரம் எழுந்து தெருவுக்கு ஓடிவிட்டாள். பெரியவளுக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. எழுந்து உட்கார்ந்தபோது கன்னம் ஒட்டி, கால் குச்சியாக இருந்தாள்.

உங்களிடம் தூக்கி வந்தேன். பஞ்சு மூட்டை நிறுக்கும் தராசில் அவளை உட்கார வைத்து எடை பார்த்தீர்கள். முகத்தைச் சுளித்தீர்கள்.

"கீரை குடுக்காதம்மா, வயித்தக் கெடுக்கும். அதுல முக்காலே மூணு வீசம் தண்ணி. நல்லா கொழுப்பு வச்ச பன்னிக்கறியா பாத்துக் குடு. புள்ள தேறிடும்" என்றீர்கள்.

அதே மாதம் இந்தப் பத்திரிகையிலும் எழுதினீர்கள். ஒரு துண்டு கொழுப்புக்கறி கொடுக்கும் பலத்துக்கு ஒரு கூடை கீரை தின்ன வேண்டும், ஏழைகள் அறியாமையால் தழையைத் தின்று வயிற்றை நிரப்புகிறார்கள் என்று எழுதினீர்கள். எங்கள் தெருவில் அதைச் சத்தமாக வாசித்தவளே நான்தான்.

அதற்குள் தபசு காலம் (நாற்பது நாள் நோன்பு) வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பாஸ்கா (ஈஸ்டர்) வரைக்கும் கறி கிடையாது. நான் பங்குச் சாமியாரிடம் போய், டாக்டர் சொல்லியிருக்கிறார், நோயாளிப் பிள்ளைக்கு மட்டும் உத்தரவு கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். அவளுக்கு மட்டும்.

பெரிய மார்க்கெட்டில் கறிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"தபசு காலத்துல கறியாக்கா? வூட்ல வெள்ளக்காரன் எவனாவது வந்து எறங்கிட்டானா?"

கொழுப்பாகப் பார்த்து வெட்டச் சொன்னேன். வீட்டில் மதலேனுக்குச் சோறும் கொழுப்புக்கறியும். எங்கள் மூன்று பேருக்கும் வேலியோரத்து முருங்கைக்கீரை, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு வதக்கியது. ரோசாலி தினமும் தட்டைத் தள்ளிவிட்டு அழுவாள். அக்காவுக்குக் கறி, எனக்குத் தழையா, நான் என்ன ஆடா என்று கேட்பாள். அவள் முதுகில் ஒன்று வைத்துத் தின்ன வைத்தேன்.

மதலேன் தேறினாள். அதை மறைக்கமாட்டேன். கன்னம் உப்பியது. உங்கள் பஞ்சுத் தராசு ஏறியது. நீங்கள் அவளை மற்ற தாய்மார்களுக்குக் காட்டினீர்கள். நானும் நிமிர்ந்து நின்றேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை (சுவரில் இருக்கும் ஏசுவின் பாடுகளின் படங்களை ஸ்தலம் ஸ்தலமாகப் பார்த்துச் செபிப்பது). ஒரு ஸ்தலத்தில் செபம் முடிந்ததும் சனம் முழுவதும் அடுத்த ஸ்தலத்தின் பக்கம் திரும்பி முட்டி போடும். பின்வரிசையில் இருந்த ரோசாலி என் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, அக்கா செவுத்தப் பாத்து முட்டி போட்டுனு இருக்குது."

எல்லோரும் ஒரு பக்கம் திரும்பியிருக்க, மதலேன் மட்டும் வெற்றுச் சுவரைப் பார்த்து மார்பில் தட்டிக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தேன். கை ஜில்லென்று இருந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்று காதில் சொன்னாள். சொன்னால் நான் திட்டுவேன் என்று இத்தனை நாளும் மறைத்திருந்தாள். வீட்டில் இருட்டியதும் தங்கையின் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறாள்.

மறுநாளே உங்களிடம் வந்தேன். கண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை நீங்கள். இன்னும் பலவீனம் இருக்கிறது, கறியைக் கூட்டு என்றீர்கள். கூட்டினேன். கண் வறண்டது. கண்ணீர் வராமல் அழுதாள். வெள்ளை விழியில் சோப்பு நுரை ஒட்டியது போல ஒரு திட்டு வந்தது. துடைத்தால் போகவில்லை. பகலிலும் இடது கண்ணைத் திறக்கமாட்டேன் என்றாள். அன்றைக்குத்தான் உங்களை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே நடையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது, வழியில் போகிறவர்களின் உடுப்பு என்ன நிறம் என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சரியாகச் சொன்னால் மூச்சு வரும். தப்பாகச் சொன்னால் நின்றுவிடும்.

வயதான தமிழ் டாக்டர் ஒருவர் இமையைத் தூக்கிப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். தினமும் பன்னிக்கறி என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கூட வந்திருந்த ரோசாலியைக் கூப்பிட்டு அவள் கண்ணையும் பார்த்தார்.

"நீ என்னா சாப்ட்ட?"

"தழ" என்றாள் ரோசாலி, என்னை முறைத்துக்கொண்டே.

அவர் என் பக்கம் திரும்பினார். "சின்னதுக்குக் கண்ணு பளிச்சுனு இருக்குது. பெரிய புள்ளைக்குக் கீரைய நிறுத்துனது யாரு?"

மாலைக்கண் (இருட்டியதும் பார்வை மங்கும் நோய்) முற்றி, கருவிழி (கண்ணின் கறுப்புக்கு மேல் கண்ணாடி போல மூடியிருக்கும் தோல்) புண்ணாகிவிட்டது என்றார். கண்ணுக்கு வேண்டியது ஒரு வைட்டமின் (உணவிலுள்ள ஜீவசத்து). அம்மை அதை உடம்பிலிருந்து உறிஞ்சிவிடும். பன்றிக்கொழுப்பு சூடு கொடுக்கும், சதை போடும். அந்த ஜீவசத்து அதில் இல்லை. ஈரலில் உண்டு. முருங்கைக்கீரையில் அது உண்டாவதற்கான பொருள் நிறைய உண்டு. ஆனால் கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தால் போதாது, கொஞ்சம் எண்ணெயோ கொழுப்போ சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். இதையெல்லாம் நின்றுகொண்டே எனக்குச் சொன்னார். உங்களைப் போல ஏழையின் அறியாமை என்று பேசவில்லை.

பிள்ளைக்கு அம்மை வந்து இறங்கிய தாய்மாரே, இதை மட்டும் நினைவில் வையுங்கள். எடை ஏறுகிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

மீன் எண்ணெய் கொடுத்தார்கள். மதலேன் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தாள். மறுபடியும் கொடுத்தோம். கண்ணைக் கட்டிவைத்தார்கள். வயிற்றுப்போக்கு நின்று வெகுநாளாகியும் நான் நிறுத்தி வைத்திருந்த கீரையை, எண்ணெய் விட்டு மசித்து ஊட்டினேன். சாயங்காலம் ஆனால் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்பேன். பல நாள் சும்மா தலையாட்டினாள். தெரியாமலே ஆட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் எரிந்து விழுந்தாள்.

"ஏம்மா உசுர வாங்குற? கரண்டியும் தெரியுது, அதுல ஒட்டினு இருக்கிற கீரையும் தெரியுது, போதுமா?"

அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். வலது கண் வந்துவிட்டது. இடது கண்ணில் புண் ஆறி வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது. அது போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தேன். கண்ணைப் பார்த்தீர்கள். அது அம்மையில் போன கண் என்றீர்கள். பிறகு, "புள்ள எட ஏறுச்சா இல்லியா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு இப்போது விடிந்தால் நாள் தொடங்குவதில்லை. விளக்கு வைக்கும்போதுதான் தொடங்குகிறது. வெளிச்சம் மங்க மங்க ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்க்கிறேன். மறு கண்ணைப் பொத்திப் பார்க்கிறேன். என் கண்ணையே நம்பமாட்டேன் என்கிறது என் உடம்பு. மதலேன் இடது பக்கம் யார் வந்தாலும் திடுக்கிடுகிறாள். ரோசாலி கேட்காமலே அந்தப் பக்கமாக நடக்கிறாள்.

இந்த வருஷமும் மணல்வாரி வந்துவிட்டது. எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஒரு பையன் படுத்திருக்கிறான். நான் கொடுத்த கீரையை அவன் தாய் நேற்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். மில் டாக்டர் கூடாது என்றாராம். உங்கள் கட்டுரையை நான் வாசிக்கக் கேட்டவள் அவள். இப்போது நான் சொல்வதை நம்ப மறுக்கிறாள்.

அதனால் நீங்கள் எனக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்பவும் வேண்டாம். கீரை தழைதான் என்று எந்தப் பத்திரிகையில் எழுதினீர்களோ, அதே பத்திரிகையில், அடுத்த இதழிலேயே எழுதுங்கள். அந்தக் கொழுப்புக்கறியில் என் மகளின் கண்ணுக்கு வேண்டியது இருந்ததா, இல்லையா? அந்தப் பையன் கண் திறந்திருக்கும்போதே சொல்லுங்கள்.