கச்சேரி நடுவே ஒரு பொன்னாடை

தொண்ணூறுகளில் நாங்கள் ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதி அடுக்குமாடியில் இருந்தபோது, அந்தப் பக்கத்து அமெச்சூர் இசைக்குழு ஒன்றில் நான் வயலின் வாசித்தேன். முன்னால் நின்று கையசைத்து எங்களை நடத்தியவர் செக் நாட்டுக்காரர்; மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பிராக் நகரில் ஓபோ வாசித்துப் பேரெடுத்தவர். நாதஸ்வரம்போலச் சீவாளி வைத்து ஊதும் மெல்லிய குழல் அது. பிறகு அங்கேயே பெரிய இசைக்குழுவை நடத்தியிருக்கிறார். ஆட்சிக்காரருக்குத் தலையாட்டவில்லை என்பதற்காகச் சுவரொட்டியிலிருந்து பெயரையே எடுத்துவிட்டார்களாம். இங்கே வந்து, பகலில் கிடங்கில் பெட்டி அடுக்கி, மாலையில் எங்களைப் போன்ற அரைகுறைகளைத் திருத்தினார். என்ன மனிதர்!

சம்மணமிட்டிருந்து கர்நாடக வயலின் படித்த என்னைச் சேர்க்க மற்றவர்கள் தயங்கினார்கள். "காது இருக்கிறது, மிச்சம் வரும்" என்று அவர்தான் சேர்த்தார். ஆனால் அவர் கோபம் பொல்லாதது. ஒரே இசைக்கோவையில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் அமைதியும் இசைதான் என்பார். ஒத்திகையில் அந்த இடத்தில் கதைத்த ஒருவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்.

என் முதல் கச்சேரிக்கு அப்பா வந்திருந்தார். முதற்பகுதி முடிந்தது. மாஸ்டர் கையை இறக்காமல் நின்றார். பாட்டு முடிந்துவிட்டது, இனி மரியாதை செய்யும் நேரம் என்று நினைத்த அப்பா, பையிலிருந்து பொன்னாடையை உருவியபடி மேடையேறிவிட்டார்! இன்றோடு மாஸ்டர் என்னைக் குழுவிலிருந்து துரத்திவிடுவார் என்றே நினைத்தேன்.

"என்ர பிள்ளையை நல்லாப் பாக்கிறியள். நீங்கள் நல்லா இருக்கோணும்" என்று அவர் தோளில் போர்த்தினார் அப்பா.

மாஸ்டர் ஒரு கணம் அசையவில்லை. பிறகு குனிந்து வணங்கி, அப்பாவின் கையைப் பிடித்துப் படிவரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து ஓபோக்காரியிடம் தலையசைத்தார். அவள் ஒற்றைச் சுரம் ஊத, நாங்கள் எல்லோரும் சுருதி சேர்த்தோம். பொன்னாடைக்கும் சுருதி சேர்க்கவும் முன்பே திட்டமிட்டுத்தான் நிறுத்தினோம் என்றே சபை நினைத்திருக்கும். பொன்னாடையோடேயே மீதியை நடத்தினார். அன்றுபோல அவர் நடத்தி நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் மன்னிப்புக் கேட்க ஓடினேன். "செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு நேரத்துக்கு வா" என்றார். பிறகு ஜரிகையைத் தடவியபடி, "எங்கள் ஊரில் கச்சேரி நடுவே மேடையேறி வந்தவர்கள் என்னை இறக்கத்தான் வந்தார்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அருகில் நின்ற அப்பாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவர் எட்டி, மாஸ்டரின் தோளில் சரிந்திருந்த பொன்னாடையைச் சரிசெய்தார்.

"சீ, ஒரு மாலையும் கொண்டந்திருக்கலாம்" என்றார்.