கோயிலுக்கு வந்தாச்சு

சீசனுக்குக் கோடைக்கானல் வருகிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு, பிளம்ஸ் பழம் வாங்கிக்கொண்டு, பிடில் இருதயசாமி வீடு எது என்று கேட்பார்கள். நாங்கள் கையைக் காட்டுவோம். அதற்கு மேல் கேட்டால் சொல்லமாட்டோம். கேட்கிறவர்களுக்கும் பொறுமை கிடையாது, வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்தால் போதும். நான் இந்த ஊரில் பிறந்து, பஜாரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவன். அவனைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதனால் ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அவன் அம்மா சூசையம்மாள் எங்கள் கோயிலைக் கூட்டிப் பெருக்கி, பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள். கோயில் என்றால் எங்களுக்கு மாதாகோயில். கீழே பழனிப் பக்கத்து ஆட்களுக்குக் கோயில் என்றால் முருகன் கோயில். ஒரே சொல்லை இரண்டு தரப்பும் வைத்துப் புழங்கியதில் யாருக்கும் எந்தச் சிரமமும் வந்ததில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இருதயசாமிக்கு விவரம் தெரியுமுன்பே அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் தம் நாட்டுக்குத் திரும்பியபோது ஒரு பழைய பிடிலைக் கோயிலுக்கு விட்டுப் போனார். அது பூசைச் சாமான் அறையில் தூசி படிந்து கிடந்தது. மகனுக்கு அதைத் தரச்சொல்லி சூசையம்மாள் புதுச் சாமியாரிடம் கெஞ்சி வாங்கினாள். வாங்கும்போது பீடத்தின் மேல் கை வைத்து, "சாமி காரியத்துக்கு மட்டுந்தான் இது, வேற எதுக்கும் தொட விடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கில்தான் எல்லாமே சிக்கிக்கொண்டது.

பையன் சின்ன வயசிலேயே கெட்டிக்காரன். மிஷன் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்கார இசை நோட்டைப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டு, மீசை அரும்புமுன் பாடகர் குழுவில் பிடில் பிடித்தான். நின்றுகொண்டு, தாடைக்கடியில் வைத்து வாசிப்பான். சூசையம்மாள் தூணோரம் முக்காடு போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏழ்மை என்று ஒன்று அவள் ஞாபகத்திலேயே இருக்காது.

ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டில் அவனுக்குக் கர்நாடக சங்கீதப் பித்துப் பிடித்தது. டீக்கடை ரேடியோவில் தொடங்கியது, வாரம் தவறாமல் பஸ் ஏறிப் பழனிக்குப் போகிற அளவுக்கு முற்றியது. அங்கே நாச்சிமுத்து என்று அவன் வயசு மிருதங்கக்காரன் ஒருவன் சிநேகமானான். இரண்டு பேரும் சேர்ந்து ராகத்தில் வெள்ளைக்கார மெட்டைக் கோத்தார்கள், காவடிச் சிந்து நடையில் வால்ட்ஸ் நடனத் தாளத்தைப் புகுத்தினார்கள், கூடவே ஒரு கிதாரையும் சேர்த்துக்கொண்டார்கள். சாஸ்திரம் தெரிந்தவர்கள் திட்டினார்கள். சீசனுக்கு வந்த ஜனங்கள் ஓட்டல் வாசலில் கூட்டம் கூட்டமாக நின்று கேட்டார்கள். அறுபத்தொன்றில் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி வந்து இசைத்தட்டு போட்டது. வத்தலக்குண்டு சந்தையில் ஒலிபெருக்கியில் அவன் பிடில் கேட்டபோது எனக்கே மார்பு விரிந்தது.

கர்நாடக சங்கீதத்துக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இடது கை தாராளமாக வழுக்கி ஓடும். ஒருநாள் வீட்டில் அவன் அப்படி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது சூசையம்மாள் விறகோடு உள்ளே வந்தாள்.

"ஏலே, என்னலே பண்ற?"

"வாசிக்கிறேம்மா."

"கோயில் சாமானக் கால்ல வெச்சா வாசிக்கிற?"

அவன் எவ்வளவோ எடுத்துச் சொன்னான். பெரிய பெரிய வித்வான்கள் எல்லோரும் இப்படித்தான் வைப்பார்கள், இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்றான். அவள் விறகைப் போட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "பீடத்துல கை வெச்சுச் சொன்னவ நான். நீ கால்ல வெச்சு வாசிக்கிறத இந்தக் காதால கேக்கமாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். ரேடியோவில் அவன் பெயர் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். ஓட்டல் பக்கம் நடக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூடத் தூணோரத்தை விட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். மெட்ராஸ் பணத்தில் அவன் புதுப் பிடில் ஒன்று வாங்கிப் பார்த்தான். அதில் அந்தத் தொனி வரவில்லை, பெட்டியிலேயே வைத்துவிட்டான். "வேற பிடில்ல வாசிச்சா அம்மா வருவாங்க, ஆனா வேற பிடில்ல எனக்கு வாசிக்க வரலையே அண்ணே" என்று என் கடையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். ஊரெல்லாம் அவனைத் தூக்கி வைத்து ஆடிய நேரம் அது. அவன் தட்டில் வைத்த பன்னைத் தொடாமல் எழுந்து போவான். அம்மா ஒரு தடவை எதிரே உட்கார்ந்து கேட்டால் போதும், அப்புறம் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கவலையில்லை என்பான். எனக்கு அவன் மேலும் கோபம், அவள் மேலும் கோபம். இரண்டு பேருக்கும் பிடிவாதத்தில் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது.

அறுபத்து மூன்றில் பங்குனி உத்திரத்துக்குப் பழனி அடிவாரப் பந்தலில் கச்சேரி அமைந்தது. ரேடியோக்காரர்கள் வந்து பதிவு செய்வதாக ஏற்பாடு. எங்களுக்கு அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், கோயிலில் வாத்தியம் வாசிக்கமாட்டார்கள். புறப்படும் அன்று அம்மா இருமிக்கொண்டிருந்தாள். குளிருக்கு அப்படித்தான் இருமுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து கேட்டான்.

"பழனிக்கு ஒரு தடவ வந்துட்டுப் போம்மா. நீ சொன்னா அன்னைக்கி மட்டும் கால்ல வைக்கல. நின்னே வாசிக்கிறேன்."

"நின்னா வாசிப்பே?"

"சத்தியமா நின்னு வாசிக்கிறேன்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "பாப்போம்" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அது. அவன் மலையிறங்கிப் போனபோது பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "அம்மா வருவாங்க அண்ணே" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே போனான்.

கச்சேரிக்கு முந்தின நாள் சாயங்காலம் சூசையம்மாள் இறந்துபோனாள். நெஞ்சில் சளி கட்டியிருந்ததாக டாக்டர் சொன்னார். மறுநாள் வெள்ளனே பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் நடுவில் கிடத்தினோம். தவக்காலமாதலால் மாதா சிலை முதலான சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தது. அவள் கையால் துடைத்த சுரூபம் ஒன்றுகூட அவளைப் பார்க்கவில்லை.

மகனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சாவை உடைத்துச் சொல்லமாட்டோம். மலைப்பாதையில் தனியாக வரவேண்டியவன், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? நாசூக்காகச் சொன்னால் புரிந்துகொள்வான். எங்கள் கோயில்பிள்ளை, அதாவது கோயில் மணியடிக்கிறவர், பெயர் உபகாரம். அவர்தான் முதல் பஸ் கண்டக்டர் மணியனிடம் போய்ச் சொன்னார்.

"தம்பி, பழனில இருதயசாமி கச்சேரிக்குப் போயிருக்கான். அம்மா கோயிலுக்கு வந்தாச்சு, எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம், வெரசா வரச் சொல்லுங்க."

எங்களில் யாரிடம் இதைச் சொன்னாலும் மறு பேச்சில்லாமல் அழத் தொடங்கிவிடுவோம். அம்மா கோயிலுக்கு வந்தாச்சு, ஊர் காத்துக்கொண்டிருக்கிறது என்றால், பெட்டி கோயிலுக்கு வந்துவிட்டது, அடக்கத்துக்குப் பிள்ளை வரவேண்டும் என்றுதானே அர்த்தம்? மணியன் வத்தலக்குண்டில் பழனி பஸ் கண்டக்டரிடம் சொன்னான். அவன் அடிவாரத்தில் நாச்சிமுத்துவைக் கண்டுபிடித்துச் சொன்னான். கண்டக்டர்கள் இரண்டு பேரும் முருகனைக் கும்பிடுகிறவர்கள், நல்ல சேதி என்று நினைத்துச் சிரித்த முகமாகச் சொன்னவர்கள். வாய் மாறி வாய் மாறியதில் வெரசா வரச்சொன்னது வழியிலேயே விட்டுப்போனது. நாச்சிமுத்து மிருதங்கத்தைப் போட்டுவிட்டு ஓடினான்.

"இருதயம், ஒங்கம்மா கோயிலுக்கு வந்துட்டாகளாம்ப்பா. காத்துக்கிட்டிருக்காகளாம்."

இருதயசாமி முதலில் பழனி ஊருக்குள் இருந்த சின்ன மாதாகோயிலுக்கு ஓடினான். அது பூட்டிக் கிடந்தது. பிறகு அடிவாரத்துக்கு வந்தான். காவடியும் பால்குடமும் கூட்டமுமாக அன்று பழனியில் கால் வைக்க இடமில்லை. வெள்ளைச் சேலை முக்காடு தெரிகிற இடமெல்லாம் போய்ப் போய் முகத்தைப் பார்த்தான். யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பது அவனுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தைதானே என்று நான் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் வேறொன்றுக்காக ஏங்கிக் கிடந்தான், அந்த அர்த்தம்தான் காதில் ஏறியது. அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

சாயங்காலம் மேடையில் உட்கார்ந்தான். ஒரு ராகத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கணுக்காலிலிருந்து பிடிலை எடுத்தான். ரேடியோ மைக் முன்னாலேயே பேசினான்.

"எங்கம்மா வந்திருக்காங்க. எங்க உக்காந்திருக்காங்கன்னு தெரியல. அவங்களுக்கு இது கால்ல இருந்தாப் பிடிக்காது."

ஜனங்கள் சிரித்துக் கை தட்டினார்கள். அவன் எழுந்து நின்று, பிடிலைத் தாடைக்கடியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து அதே ராகத்தை எடுத்தான். நின்று வாசித்தால் அந்தச் சங்கதிகள் வரவே வராது என்று எல்லா வித்வான்களும் சொல்வார்கள். வந்தது. நாச்சிமுத்து அப்புறம் சொன்னான், வாசிப்பு முழுக்க அவன் கண் பெண்கள் பக்கத்தில்தான் இருந்ததாம், ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வாசித்தானாம். மேலே எங்கள் கோயிலில் அந்த நேரம் நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி பஸ் வந்தது, அவன் இறங்கவில்லை. ஊரில் எல்லோரும் அவனைச் சபித்தார்கள். பேரும் புகழும் வந்ததும் பெற்றவளை மறந்துவிட்டானா என்று நானும் சொன்னேன்.

காலையில் பூசை முடிந்ததும் அடக்கம் செய்துவிட்டோம். சாமியாருக்குப் பண்ணைக்காட்டில் வேறு பூசை இருந்தது, மழையும் வலுத்துவிட்டது.

மத்தியானம் பஸ்ஸிலிருந்து இருதயசாமி இறங்கினான். கையில் பிடில் பெட்டியும், பழனிப் பஜாரில் அம்மாவுக்கு வாங்கிய ஒரு கம்பளியும் இருந்தன. முகம் வாடியிருந்தது. கேட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விட்டாளே என்ற வருத்தம்தான் அவனுக்கு. எங்களைப் பார்த்ததும், "அம்மா வந்துட்டாங்களா? பந்தல்ல எங்க உக்காந்தாங்கன்னே தெரியல" என்றான்.

உபகாரம்தான் பேசினார்.

"கோயிலுக்கு வந்தாச்சுன்னு சொல்லிவிட்டேனே தம்பி. எந்தக் கோயில்னு நெனச்ச?"

அவன் முதலில் சிரித்தான். அப்புறம் உபகாரத்தின் முகத்தையே பார்த்தான். பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்தை நோக்கி ஓடினான். ஈர மண்ணில் விழுந்து அவன் போட்ட சத்தத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். கம்பளியை மண்மேல் விரித்துவிட்டு வந்தான்.

அவனைப் பெரிய ஆளாக்கியது அந்தப் பழனிக் கச்சேரிதான். ரேடியோவில் திரும்பத் திரும்பப் போட்டார்கள், அவன் பேசியதையும் சேர்த்தே போட்டார்கள். வெட்டிவிடச் சொல்லிக் கெஞ்சினான், ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்றார்கள். கோயம்புத்தூர், மெட்ராஸ், பம்பாய், எங்கே போனாலும் பாதிக் கச்சேரியில் சத்தம் வரும்: "எழுந்து வாசிங்க, அம்மாவுக்கு வாசிங்க." ஏற்பாடு செய்கிறவர்களே முன்கூட்டி, "அந்த வார்த்தையையும் சொல்லிருங்க சார்" என்பார்கள். அவன் சொன்னான். எழுந்து நின்று, எங்கம்மா வந்திருக்காங்க என்று சொல்லிச் சொல்லி வாசித்தான். அதைச் சொல்லாமல் அவனுக்கு வாசிக்க வரவில்லை என்று நாச்சிமுத்து சொன்னான்.

அறுபத்தெட்டு மே மாதம், சீசனுக்கு எங்கள் ஊரிலேயே ஏரியருகே கச்சேரி வைத்தார்கள். அம்மா போனபிறகு அதுவரை சொந்த ஊரில் அவன் வாசித்ததில்லை. பின்னால் எங்கள் ஆட்கள் நின்றோம், முன்னால் சீசன்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் வழக்கம்போல ஒரு குரல் எழுந்தது: "அம்மாவுக்கு வாசிங்க."

அவன் கணுக்காலிலிருந்து பிடிலை எடுத்துக்கொண்டு எழுந்தான். மைக் முன்னால் வந்து வாய் திறந்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான். வந்திருக்காங்க என்ற சொல் வரவில்லை.

"எங்கம்மா கோயிலுக்கு வந்தாச்சு" என்றான். "எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. நான் வெரசாப் போகணும்."

சீசன்காரர்கள் கை தட்டினார்கள். பழனிக்குப் போகிறார் என்று ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள். அவன் பிடிலோடு மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்கு நடுவே எங்களைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற மேட்டுப் பாதையில் நடந்தான். உபகாரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் பின்னால் போனார். கை தட்டுவது நிற்கவே இல்லை.